காற்றுத் திருகும் பூச்சியமும்

மனிதன் செய்துகொண்ட கருவிகளுள் சில, அவனுக்கு வேலை செய்து கொடுப்பதோடு நில்லாமல் அறிவுரையும் கூறுகின்றன. தராசு அத்தகையது. மேசன்மார் சுவரோரம் தொங்கவிடும் தூக்குக்குண்டும் அத்தகையது. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தபோது அவர் கண்முன் நின்றதும் தராசுக் கோலே. இந்த வரிசையில் வைத்துப் பேச எவரும் எண்ணாத ஒரு கருவியைப் பற்றி இவ்வாரம் சில சொல்ல விரும்புகிறேன். நெடுந்தூரத் துவக்குகளின் மேலே பூட்டப்படும் குறிகாண் தொலைநோக்கி அது. அதிலும் நான் கருதுவது, அதன் பக்கத்தில் விரல் நுனியால் திருகக்கூடிய அளவில் காற்றின் பெயரால் அமைந்திருக்கும் ஒரு சிறு திருகை. அத்திருகைப் பூச்சியத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அத்துறையில் தேர்ந்தவர் பலரின் கட்சி. அக்கட்சி சரியானது என்பதும், அது துவக்கோடு முடிந்துவிடும் செய்தியன்று என்பதும் என் கருத்து. ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் அதனைத் தத்தம் தொழிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

துவக்கைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் உரிமை எங்கள் ஊராருக்கு உண்டு. ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும், வடக்கே காரைதீவு, கல்முனை, மருதமுனை வரையிலும், தெற்கே தம்பிலுவில், திருக்கோவில் வரையிலும், 2009 மே மாதம் வரை அச்சொல்லை எவரும் விளையாட்டாக உச்சரித்ததில்லை. அதற்கு முந்திய தலைமுறை அறிந்த துவக்கு, வட்டைக் காவலுக்குப் பரணேறியவன் பன்றியை வெருட்டக் கையில் வைத்திருந்த துவக்குத்தான். அதற்கும் 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தத் துவக்குக்குத் தொலைநோக்கி இல்லை. காற்றுத் திருகும் இல்லை. வெடிச்சத்தமே அதன் பயன். ஆகவே இக்கட்டுரையின் பொருள் இம்மண்ணில் விளைந்ததன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பொருள் சுட்டும் குற்றமோ இம்மண்ணில் நன்றாகவே விளைந்திருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். குறிகாண் தொலைநோக்கியின் உள்ளே மெல்லிய குறுக்கிழைகள் இரண்டு தெரியும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியை இலக்கின்மீது வைத்துச் சுடுவார்கள். அப்புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகுகள் இரண்டு. மேலே இருப்பது உயரத்துக்கு; பக்கத்தில் இருப்பது காற்றுக்கு. திருகை ஒரு பல் நகர்த்தினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நிற்கும். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மறுபடியும் நான்காகப் பகுத்தால் எவ்வளவோ அவ்வளவே பல வகைத் திருகுகளில் ஒரு பல். 100 மீற்றர் தூரத்தில் அது ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் அளவு நகர்வு.

பூச்சியம் என்பது இக்கருவியில் பிறப்போடு வருவதன்று, உழைத்துப் பெறுவது. காற்று அடங்கிய வேளை பார்த்து, பெரும்பாலும் விடியற்பொழுதில், 100 மீற்றரில் ஓர் இலக்கை நிறுத்திச் சில குண்டுகள் சுடுவார்கள். குண்டுகள் விழுந்த இடத்தின் நடுவும், பார்த்த இடமும் ஒன்றாகும்வரை திருகுவார்கள். ஒன்றானபின், திருகின் மேலுள்ள எண் வளையத்தை மட்டும் தளர்த்தி, அதன் பூச்சியக் கோட்டை அடையாளக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து இறுக்குவார்கள். அன்றிலிருந்து, காற்றில்லாத வெளியில் இக்கருவி நேராகவே பார்க்கும் என்பதற்கு அந்தக் கோடு சாட்சி.

இனிக் காற்று. காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது என்றே பலரும் எண்ணுவர். நடப்பது அதனினும் நுட்பமானது. சுழன்று பாயும் குண்டு, தன்மீது வந்து மோதும் காற்றின் பக்கம் தன் முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்கிறது. அதனால் அதன் வேகத்தைக் குறைக்கும் தடையும் சற்றுச் சாய்வாக விழுகிறது. அந்தச் சாய்வே குண்டை ஒதுக்குகிறது. ஆகவே குண்டு பறந்த மொத்த நேரத்தைக் கொண்டு விலகலைக் கணக்கிட்டால் பிழைக்கும். வெற்றிடத்தில் பறந்திருந்தால் எடுத்திருக்கும் நேரத்தைக் காட்டிலும் காற்றுவெளியில் அது எவ்வளவு பிந்துகிறதோ, அந்தப் பிந்துதலைக் குறுக்குக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் மென்காற்றில், 7.62 மில்லிமீற்றர்ப் போட்டிக் குண்டு 100 மீற்றரில் ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகும். 500 மீற்றரில் அது இரண்டு அடியளவாகும். 1000 மீற்றரில் எட்டு அடியைத் தாண்டும். தூரம் பத்து மடங்காகும்போது பிழை நூறு மடங்கிலும் மிகுகிறது. அருகில் உள்ளவனுக்குச் செய்யும் சிறு ஓரவஞ்சனை தூரத்தில் உள்ளவனுக்கு எவ்வளவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

இந்த விலகலைச் சரிசெய்ய வழிகள் இரண்டு. காற்றுத் திருகைத் திருப்பிக் குறுக்கிழையையே நகர்த்திவிடலாம். பிறகு இலக்கை நேராகப் பார்த்தே சுடலாம். அல்லது திருகைத் தொடாமல், காற்று வரும் திசையில் இலக்குக்கு இவ்வளவு அப்பால் என்று கணக்கிட்டு, குறியை ஒதுக்கிப் பிடித்துச் சுடலாம். குறுக்கிழையில் அதற்கென்றே சிறு கோடுகள் இடப்பட்டிருக்கும். முதலாவது வழி கைக்கு எளிது. இரண்டாவது வழி கண்ணுக்கும் மனத்துக்கும் வேலை வைப்பது. தேர்ந்தவர்களோ உயரத்தைத் திருகிக்கொண்டு காற்றைக் கண்ணில் பிடிப்பார்கள். காற்றுத் திருகு பூச்சியத்திலேயே இருக்கும்.

ஏன்? காரணங்கள் மூன்று.

முதலாவது, தூரம் நிற்கும்; காற்று நில்லாது. 600 மீற்றரில் இருக்கும் இலக்கு அடுத்த குண்டுக்கும் 600 மீற்றரிலேயே இருக்கும். ஆகவே உயரத் திருகை ஒருமுறை திருப்பிவிட்டு நம்பலாம். காற்றோ ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையே தளர்ந்துவிடும், திசையும் மாறிவிடும். கானல் அலைகள் எப்பக்கம் சாய்கின்றன, புல் எவ்வளவு வளைகிறது, கொடி எந்தக் கோணத்தில் எழுகிறது என்று பார்த்து ஒரு கணக்குப் போட்டுத் திருகைத் திருப்பி முடிப்பதற்குள், கணக்கிட்ட காற்று கடந்து போயிருக்கும். நிலையற்ற ஒன்றுக்காக நிலையான ஒன்றை மாற்றுவது முறையன்று.

இரண்டாவது, மறதி. நேற்று மாலை இடப்பக்கக் காற்றுக்காக ஆறு பல் திருப்பியவன், அதனைத் திரும்பக் கொண்டுவர மறந்து உறையில் இட்டு வைத்தால், இன்று காற்றே இல்லாத காலையில் அவனுடைய குண்டு ஒதுங்கித்தான் விழும். அவன் கண்ணுக்கோ எல்லாம் நேராகவே தெரியும். இலக்கின் நடுவில் குறுக்கிழை நிற்கும்; கை நடுங்கவில்லை; மூச்சும் அடங்கியிருக்கிறது; ஆயினும் குண்டு பிசகுகிறது. ஒதுக்கிப் பிடிப்பவன் தான் ஒதுக்கிப் பிடிப்பதை ஒவ்வொரு முறையும் அறிகிறான். திருகியவனோ, தான் நேரே பார்ப்பதாகவே நம்புகிறான். இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடுகளுள் இதுவே பெரிது.

மூன்றாவது, கருவியின் அமைப்பிலேயே உள்ளது. தொலைநோக்கியின் வெளிக்குழாய்க்குள் ஒரு சிறு குழாய் உண்டு. திருகுகள் நகர்த்துவது அதனையே. இரண்டும் வட்டமானவை. உட்குழாய் பக்கத்தில் ஒதுங்கிவிட்டால், மேலும் கீழும் நகர அதற்கு மிஞ்சும் இடம் குறைந்துவிடும். வட்டத்தின் நடுவில் நிற்பவனுக்கு மேலே எவ்வளவு வெளி உண்டோ அவ்வளவு வெளி ஓரத்தில் நிற்பவனுக்கு இல்லை என்பது சிறுவரும் அறிந்த கேத்திரகணிதம். அதனால், தொலைநோக்கியைத் துவக்கில் பூட்டும்போதே கோணலின்றிப் பூட்ட வேண்டும் என்பார்கள். பூட்டிய கோணலைக் காற்றுத் திருகால் சரிக்கட்டுவது, குறையை மறைப்பதற்காக மிகுதியை விற்பது போன்றது. பக்கம் சாய்ந்ததற்கு விலையாக உயரம் போய்விடுகிறது.

இக்கட்சிக்கு மறுப்பு இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 1860ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி விம்பிள்டன் வெளியில் முதலாவது தேசியத் துவக்குப் போட்டி தொடங்கியபோது, விக்டோரியா மகாராணி 400 யார் தூரத்து இலக்கை நோக்கி முதற்குண்டைச் சுட்டார். துவக்கைத் தாங்கியில் அசையாமல் பூட்டி, முன்னரே குறி சரிபார்த்து வைத்திருந்தார்கள். அரசியார் செய்ததெல்லாம் ஒரு பட்டுக் கயிற்றை இழுத்ததுதான். குண்டு நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குள் பதிந்தது. 1890 முதல் அப்போட்டிகள் பிஸ்லியில் நடைபெறுகின்றன. அங்கே 1000 யார் வரையும் தொலைநோக்கியின்றித் துளைப் பார்வையால் சுடும் பழைய மரபு ஒன்று உண்டு. அம்மரபினர் காற்றுக்காகத் திருகவே செய்கிறார்கள். ஒதுக்கிப் பிடிக்க அவர்களுடைய பார்வையில் கோடுகள் இல்லை. வட்டத்துள் வட்டமாகக் கறுப்புப் புள்ளியை நடுவில் வைப்பதே அவர்களுக்குச் சாத்தியம். திருகிச் சுடுபவர்கள் அத்துறையின் முடிசூடியவர்களாகவும் இருக்கிறார்களே, பூச்சியம் பூச்சியம் என்று நீர் ஏன் மந்திரம் ஓதுகிறீர் என்று எவரேனும் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் எப்படித் திருகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் அருகிலும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் எத்தனை பங்கு இடம், எத்தனை பங்கு வலம் என்று எழுதுவார்கள். எல்லாம் பூச்சியத்திலிருந்து எண்ணியே எழுதப்படும். அவர்களும் பூச்சியத்தை விட்டு விலகினார்களேயன்றி அதனைத் தொலைக்கவில்லை. எங்கிருந்து எவ்வளவு விலகினேன் என்று எந்நேரமும் சொல்லக்கூடியவனுக்குத் திருகை விரல் தொடுவதால் கேடில்லை. கேடு வருவது குறிப்பெழுதாமல் திருகுகிறவனுக்கு. அதனினும் பெரிய கேடு, காற்று வீசும்போதே பூச்சியம் வைத்தவனுக்கு. அவனுடைய எண் வளையம் பூச்சியம் என்றே காட்டும். அந்தப் பூச்சியத்துக்குள்ளேயே அன்றைய காற்று உறைந்து கிடக்கும்.

ஒலிம்பிக் போட்டிகளில் துவக்குக்குத் தொலைநோக்கி இல்லை, துளைப் பார்வைதான். ஆயினும் பூச்சியத்தின் பெறுமதியை அங்கே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் நன்கு விளக்கும். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் 10 மீற்றர் வளித்துவக்குப் போட்டியில் அபினவ் பிந்திரா இந்தியாவின் முதல் தனிநபர்த் தங்கப் பதக்கத்தை வென்றார். தகுதிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் இடையே தம் துவக்கின் பார்வை கலைந்துவிட்டதென்றும், இறுதிக்கு முந்திய சோதனைச் சூட்டில் குண்டு நடுவைவிட்டு வெகுதூரம் விலகி விழுந்ததென்றும் பின்னர் அவரே கூறியிருக்கிறார். சோதனைச் சூடு என்று ஒன்று இருந்ததனாலேயே அவர் அதனைக் கண்டார், கண்டதனாலேயே திருத்தினார். போட்டி தொடங்குமுன் தன் பூச்சியத்தைச் சோதித்துப் பாராதவனுக்கு இந்த வாய்ப்பு இல்லை. மற்றது 2004ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்தது. 50 மீற்றர் முந்நிலைப் போட்டியின் கடைசிக் குண்டுக்கு மூன்று புள்ளி முன்னணியில் நின்ற அமெரிக்கர் மத்தியு எமன்ஸ், அடுத்த வரிசைக்காரரின் இலக்கைச் சுட்டுவிட்டார். குண்டு பிசகவில்லை; இலக்குத்தான் பிசகியது. கையில் வந்த தங்கம் போய் எட்டாமிடம் கிடைத்தது. கருவி நேராக இருந்தால் மட்டும் போதாது, எதனைச் சுடுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. பூச்சியத்தைப் போற்றும் நானும் இதனை மறந்துவிடக் கூடாது.

எங்கள் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் வாடை மழையோடு வருகிறது. நடுவாண்டில் கச்சான் மேற்கேயிருந்து வருகிறது. மலைநாட்டின் மறுபுறத்தில் மழையையெல்லாம் இறக்கிவிட்டு, வெறும் வெப்பத்தோடு எங்கள் வயல்வெளிக்கு மேலால் ஓடிக் கடலில் இறங்கும். வாடையில் வள்ளம் விடுகிறவனும் கச்சானில் வள்ளம் விடுகிறவனும் ஒரே திசையில் முகப்பை வைப்பதில்லை. ஆனால் கரையில் தான் குறித்து வைத்திருக்கும் கோபுரத்தையும் தென்னையையும் எவனும் பிடுங்கி இடம் மாற்றி நடுவதில்லை. இரண்டையும் ஒரே கோட்டில் கண்டு தன் இடத்தை அறிந்துகொள்கிறான். காற்றுக்கு ஏற்றபடி முகப்பைத் திருப்புகிறான். கரை பூச்சியத்தில் நிற்கிறது. முகப்பு ஒதுங்கிப் பிடிக்கிறது. இதனை ஒரு பள்ளிக்கூடமும் அவனுக்குக் கற்பித்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும் நாமோ இதனை எவ்வளவு கடைப்பிடிக்கிறோம்? இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் காற்றுத் திருகு திருகப்பட்ட கதை ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவனுக்கு 250 புள்ளி வேண்டும். சிங்களமொழி மூலம் எழுதியவனுக்கு 229 போதும். 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளையே ஓர் அளவுக்குக் கொண்டுவரும் முறை வந்தது. 1974இல் மாவட்டப் பங்கு முறை சேர்ந்தது. தமிழ்ப் பேச்சில் இவை எல்லாவற்றையும் ஒரே பெயரால் சுட்டி ஒரே மூச்சில் கண்டிப்பது வழக்கம். அம்பாறைக் கரையில் இருந்து எழுதும் நான் அவ்வாறு செய்ய இயலாது. மொழிவாரி முறையும் மாவட்ட முறையும் ஒரே காலத்தில் வந்தவையேயாயினும் ஒரே தன்மையுடையன அல்ல.

மொழிவாரி முறை திருகைத் திருப்பியது. எழுதிய விடைக்குக் கிடைத்த புள்ளியே வேறொரு புள்ளியாக மாறியது. இலக்குக்கும் குண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதைப் பெறுபேற்றுத் தாளைப் பார்ப்பவன் காண இயலாது. எந்தக் காற்றுக்காகத் திருப்பப்பட்டது என்பதும் சொல்லப்பட்ட காரணத்தோடு பொருந்தவில்லை. தமிழ்மொழி மூலம் எழுதியவன் யாழ்ப்பாணத்துப் பெருங்கல்லூரியில் படித்தானா, பாணமைக்கு அருகே ஆய்வுகூடமே இல்லாத பள்ளியில் படித்தானா என்று அத்திருகு கேட்கவில்லை. தமிழில் எழுதினான் என்பதொன்றே அதற்குப் போதுமாயிருந்தது. அளவுகோல் வளைந்தது என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. அதன் விளைவுகளை இங்கு விரிக்க வேண்டியதில்லை; நாம் அறிவோம்.

மாவட்ட முறையோ, நன்றாக நடத்தப்படும்போது, ஒதுக்கிப் பிடித்தலை ஒத்தது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அம்பாறையும் மட்டக்களப்பும் திருகோணமலையும் அக்குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. எங்கள் பிள்ளைகள் பலர் வைத்தியரும் பொறியியலாளரும் ஆனது இவ்வழியாலேயே. இங்கே பரீட்சார்த்தியின் புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. எவ்வளவு சலுகை, எந்த மாவட்டத்துக்கு, எக்காரணத்தால் என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. கேட்பவன் கேட்கலாம், எதிர்ப்பவன் எதிர்க்கலாம். அரை நூற்றாண்டுக்கு முன் வீசிய காற்றுக்காகப் பிடித்த ஒதுக்கம் இன்றும் அவ்வளவே பொருந்துமா, ஒரே மாவட்டத்துக்குள் நகரப் பள்ளியும் எல்லைப்புறப் பள்ளியும் ஒரே காற்றில் நிற்கின்றனவா என்பவை இனி ஆராயப்பட வேண்டியவை. வெளிப்படையாகப் பிடித்ததை மறுபடி ஆராயலாம். இரகசியமாகத் திருகியதை ஆராயவும் இயலாது.

பூச்சியம் என்பது இரக்கமின்மை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. காற்று வீசுகையில் இலக்கின் நடுவையே பார்த்துச் சுடுகிறவனும் தவறவே செய்வான். 2004 திசெம்பர் 26இல் கடல் வந்து புத்தகத்தையும் வீட்டையும் கொண்டுபோன பிள்ளைக்கும், கடலோசையே கேளாத ஊரிற் படித்த பிள்ளைக்கும் இடையே வேறுபாடு இல்லை என்று சொல்பவன் நடுநிலையாளன் அல்லன். காற்றைப் பார்க்க மறுப்பவன். விடைத்தாளில் நாற்பது பெற்றவனுக்கு நாற்பது என்றே இடுங்கள். பிறகு அவனுடைய சூழ்நிலையைக் கருதி வேண்டிய உதவியைச் செய்யுங்கள். மாலை வகுப்பு வையுங்கள். ஒரு வாய்ப்பு அதிகம் கொடுங்கள். நாற்பதை ஐம்பத்தைந்து என்று எழுதிக் கொடுக்கிற ஆசிரியர் அவனுக்கு நன்மை செய்யவில்லை. தான் எங்கே நிற்கிறான் என்ற செய்தியை அவனிடமிருந்து பறித்துவிடுகிறார்.

இலக்கிய உலகத்துக்கு வருவோம். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்து ஈழத்து எழுத்துக்கு இடந்தந்தார். 1960களில் முற்போக்குக்கு எதிராகப் பொன்னுத்துரை நற்போக்கு என்றொரு கொடி உயர்த்தினார். அக்காலத்துச் சண்டைகளால் நன்மையும் விளைந்தது. யாருக்காக எழுதுகிறோம், எவருடைய மொழியில் எழுதுகிறோம் என்ற கேள்விகள் கூர்மை பெற்றன. கேடு விளைந்தது எங்கே என்றால், தன் அணியானுக்கு ஒரு திருகும் மாற்றணியானுக்கு ஒரு திருகுமாக விமரிசகர் வைத்துக்கொண்ட இடத்தில்தான். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. அணிகள் கலைந்து, கொடிகளும் மங்கிவிட்டன. ஆனால் அன்று திருகிய திருகை எவரும் திருப்பி வைத்ததாகத் தெரியவில்லை. இன்றும் நம் நூல் வெளியீட்டு விழாக்களில் பேச்சாளர் எந்தப் பக்கத்தவர் என்று தெரிந்தால், அவர் சொல்லப்போவதைக் கேளாமலே எழுதிவிடலாம். நூலைப் படிக்க வேண்டிய தேவைகூட இல்லை.

விமரிசகனுக்குக் கொள்கை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கொள்கை இல்லாதவனுக்கு இலக்கே இல்லை. ஏழை எழுத்தாளனின் முதல் நூலுக்கும், வசதி படைத்தவனின் பத்தாவது நூலுக்கும் வேறு வேறு காற்று வீசுகிறது என்பதை உணர்ந்து எழுதுவதே பண்பு. ஆனால், "இது முதல் நூல், ஆதலால் இவ்வளவு சலுகை தந்து பேசுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிப் பேசலாம். சலுகையையே தரமென்று விற்பது வேறு. 1984இல் நுஃமானும் யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' நூலில் நீலாவணனும் நுஃமானும் யாழ்ப்பாணத்துக் கவிஞரோடு ஒரே அட்டைக்குள் நிற்கிறார்கள். தமிழருக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை என்று பங்கிட்டதாக அந்நூலைப் படிப்பவனுக்குத் தோன்றாது. கவிதை என்ற ஒரே கோட்டிலிருந்து அளந்தால் கல்முனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உரிய இடம் தானே கிடைத்துவிடுகிறது என்பதற்கு வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் வாழ்நாளின் இறுதி வரை உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். விஞ்ஞானம் கற்ற அவர் நரம்புகளின் நீளத்தையும் சுரங்களின் விகிதத்தையும் எண்களால் ஆராய்ந்தார். இசையறிந்த எவரும் ஒப்புவர்: பண் எத்தனை மாறினாலும் ஆதாரசுருதி மாறுவதில்லை. பாடுகிறவன் சோகத்துக்கு ஏற்பவும் களிப்புக்கு ஏற்பவும் குரலை அசைக்கலாம், வளைக்கலாம். சுருதியையே வளைத்துவிட்டால் அசைவு என்ற ஒன்றே இல்லாமற் போகும். அபசுரம் மட்டுமே மிஞ்சும். துவக்குக்காரனின் பூச்சியமும் பாடகனின் சுருதியும் ஒரே அறத்தின் இரு பெயர்கள்.

எல்லாவற்றினும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று எஞ்சி நிற்கிறது. ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் இரண்டு பிரதேச செயலகங்கள். ஆனால் அயல் ஒன்று, மழை ஒன்று, சந்தை ஒன்று. தமிழர் வயலில் முஸ்லிம்களும் முஸ்லிம்கள் வயலில் தமிழரும் வேலை செய்து வாழ்ந்த நிலம் இது. 1985இலும் 1990இலும் இங்கே வீசிய காற்று சாதாரணக் காற்றன்று, அது புயல். அப்போது இருபுறத்தாரும் தத்தம் பார்வையைத் திருகிக்கொண்டார்கள். உயிருக்கு அஞ்சியவன் திருகாமல் வேறென்ன செய்வான்? அதற்காக அவனைக் குறைகூற எனக்கு நா எழாது. என் வழக்கு அதன் பின்னர் நடந்ததைப் பற்றியது. புயல் ஓய்ந்து ஆண்டுகள் பலவாகியும் திருகு திரும்பவில்லை. தந்தை அதனைத் திருப்பி வைக்காமலே மகன் கையில் கொடுத்துவிட்டான். 1990இல் பிறந்தேயிராத பிள்ளை, அக்கண்ணாடி வழியே அயலூரைப் பார்க்கிறான். குறுக்கிழை நேராகவே தெரிகிறது. ஆகவே தான் காண்பதே உண்மை என்று நம்புகிறான். கோணல் அவனுடையதன்று, அவன் கையில் கொடுக்கப்பட்ட கருவியுடையது. ஆனால் அவன் வாயினின்று வரும் சொல் விழுவது அயலான் மீது.

இதற்கு மறதி மருந்தாகாது. நடந்ததை மற என்று சொல்பவன், குறிப்புப் புத்தகத்தைக் கிழித்தெறியச் சொல்கிறான். அது வேண்டாம். எந்நாளில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் காற்று வீசியது, யார் யார் வீழ்ந்தனர் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். இருபுறத்தாலும் எழுதப்பட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டும். குறிப்பு முழுமையாக இருந்தால்தான் திருகை எத்தனை பல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது தெரியும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. வகுப்பிலே அயற்சமூகத்தைப் பற்றி ஒரு மாணவன் ஒரு தீர்ப்பைச் சொன்னால், அது பிழை என்று உடனே அடக்கிவிடாதீர்கள். சரி என்று தலையசைத்தும் விடாதீர்கள். இதனை யாரிடம் கேட்டாய், எந்த ஆண்டில் நடந்தது, நீ கண்டது என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். கல்முனைப் பள்ளியும் காரைதீவுப் பள்ளியும், அக்கரைப்பற்றுப் பள்ளியும் ஆலையடிவேம்புப் பள்ளியும் தமிழ்த்தின விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் சந்திப்பதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பள்ளி மாணவரின் கட்டுரைகளை மற்றப் பள்ளி ஆசிரியர் பெயர் பாராது திருத்தட்டும். பெயரில்லாத் தாளில் எழுத்து மட்டுமே பேசும். அதுதான் நமக்குரிய சோதனைச் சூடு. அதில் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டால், திருகு எவ்வளவு விலகிக் கிடக்கிறது என்பது தானே விளங்கும். விளங்கியபின் அதனைத் திருப்பி வைக்கும் வேலை ஒரு விரலுக்குரியதே.